புறங்கூறாமையும் கூட்டு வாழ்வும்

கூடி வாழும் ஒரு குழுவினர் உண்மையில் ஒரு சமூகமாக வாழ்கின்றனரா என்பதை எதனைக் கொண்டு அளப்பது? ஒன்றாக உண்ணுதலும் ஒன்றாக வழிபடுதலும் இதற்குப் போதிய சான்றுகளாகா. தம்முள் பகைமை கொண்டோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை நாம் காண்கின்றோம். இவ்வினாவுக்குச் சொற்பொழிவினால் அன்றி அன்றாட வாழ்வினால் விடை தேட முயன்ற சிறிய லூதரன் சமூகம் ஒன்றினை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததன் பின்னர், ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து திருச்சபையையும் தம் கொள்கைக்கு இணங்கவைக்க நாஸிகள் முனைந்தனர். யூத வழிவந்தோரைத் திருச்சபைப் பணியினின்றும் விலக்கும் விதியைப் பிரஷியத் திருச்சபை அவ்வாண்டு செப்டெம்பரில் ஏற்றுக்கொண்டது. இத்தகைய போக்கினை எதிர்த்தோர் 1934 மே மாதத்திற் பார்மென் நகரிற் கூடித் தம் பிரகடனத்தை வெளியிட்டு, அறிக்கைத் திருச்சபை எனத் தனித்து நின்றனர். அச்சபை போதகர்களைப் பயிற்றுவிக்க நிறுவிய கல்லூரிகளுள் ஒன்று, 1935 ஏப்ரலிற் பால்டிக் கடலோரத்துச் சிங்ஸ்ற் என்னும் ஊரில் தொடங்கி, ஜூன் மாத இறுதியிற் பின்கன்வால்ட என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அதன் தலைவர் டீற்றிச் பொன்ஹோபருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது.

அங்கு கழிந்த முதலாண்டின் வாழ்வு எளிமையானது. நாள், மௌனத்துடனும் சங்கீதத்துடனும் தொடங்கியது. வாரம் முழுவதும் ஒரே வேதப் பகுதியை ஒவ்வொருவரும் நாள்தோறும் அரை மணி நேரம் தனித்துத் தியானித்தனர். உணவுப் பொருள்களையும் தளபாடங்களையும் ஆதரவான சபையினர் அனுப்பி உதவினர். பாத்திரங் கழுவ உதவி வேண்டும் எனக் கேட்கப்பட்ட பொழுது மாணவர் எவரும் எழாதிருக்கக் கண்ட பொன்ஹோபர், ஒன்றும் கூறாது தாமே சமையலறைக்குச் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டு அவ்வேலையைச் செய்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

எனினும் அவ்வில்லத்தின் மிகக் கடினமான விதி தியானமன்று, உழைப்புமன்று. சகோதரன் ஒருவன் அங்கில்லாத பொழுது அவனைப் பற்றி எவரும் பேசுதல் ஆகாது. பேசிவிட்டால் அதனை அவனிடமே சென்று தெரிவித்தல் வேண்டும் என்பதே அது. இவ்விதியைக் காக்கத் தவறியமையாலும், மீண்டும் காக்க முயன்றமையாலும் தாம் கற்றவை, பிரசங்கங்களாற் கற்றவற்றுக்குக் குறைந்தவையல்ல என அவருடைய மாணவரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான எபர்ஹார்ட் பெத்கே பின்னர் எழுதினார்.

இவ்விடத்தில் நம் மரபு நினைவுக்கு வருகின்றது. திருவள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்தார். புறங்கூறாமையை இல்லறவியலில் வைத்தார். புறங்கூறுதல், கூடி வாழ்வோரிடத்தே தோன்றும் குற்றம் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது எனக் கொள்ளலாம். 1797இல் வெளிவந்த தம் நூலிற் காண்ற் என்னும் ஜேர்மனிய மெய்யியலாளரும், ஒருவனது குறையை உண்மையாயினும் பரப்புதல் மனித மதிப்புக்கு இழுக்கு என்றார். ஆனால் அறநூல்கள் தனி மனிதனின் பண்பாக வகுத்ததை, பின்கன்வால்ட இல்லம் ஒரு கூட்டு ஒழுங்காக ஆக்கியது; மீறலுக்குப் பரிகாரமும் வகுத்தது. இதுவே அதன் சிறப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. மௌனம் தீமைக்குக் காவலாகாதா? தவறு செய்தவனைப் பற்றிப் பேசக்கூடாது எனின், அவனால் துன்புற்றவன் எங்கே முறையிடுவான்? இம்மறுப்பினை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் அவ்விதி கண்டனத்தைத் தடுக்கவில்லை. கண்டனம் செல்ல வேண்டிய இடத்தையே சுட்டியது. குற்றத்தை முகத்துக்கு முன் கூறுதல், புறத்தே கூறுவதினும் கடினமானது.

அன்றைய சூழலில் வைத்து நோக்கினால் இதன் பொருள் மேலும் துலங்கும். அரசினையும் அதன் தலைவர்களையும் பழித்துப் பேசுவோரைத் தண்டிக்கும் சட்டம் 1934 டிசெம்பரிற் பிறப்பிக்கப்பட்டிருந்தது. அயலவனின் வாய்ச்சொல்லைக் காவற்றுறைக்குக் காட்டிக்கொடுத்தல் ஊர்தோறும் நிகழ்ந்தது. புறத்தே பேசப்படும் பேச்சு உயிருக்கே உலை வைக்கக்கூடிய நாட்டில், புறத்தே பேசாதிருத்தல் வெறும் நாகரிகமன்று. அச்சத்தின் ஆட்சிக்கு எதிரான ஒரு செயலாகவும் அமைந்தது.

1937 செப்டெம்பரிற் காவற்றுறையினர் அவ்வில்லத்தை மூடினர். சட்ட அங்கீகாரமும் ஊதியமும் இன்றித் தவித்த இளம் போதகர் சிலர், அரசு ஏற்ற திருச்சபை நிருவாகத்துக்குத் திரும்பினர். பிரிந்து சென்றவனுக்கும் அவ்விதி பொருந்துமா? பொன்ஹோபர் அவர்களது முடிவைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும், 1938இல் தத்தளித்துக்கொண்டிருந்த அவ்விளைஞர்களுக்கே அதனை நேரில் எழுதினார்.

1943 ஏப்ரலிற் சிறைப்பட்ட பின், உண்மை கூறுதல் பற்றி அவர் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாத கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. தகப்பன் குடித்துவிட்டு வீடு வருவதுண்டா என ஆசிரியர் வகுப்பின் நடுவே ஒரு பிள்ளையிடம் கேட்கிறார். உண்மையாயிருந்தும் பிள்ளை மறுக்கின்றது. கேட்கத் தகாததைக் கேட்டவரே குற்றவாளி என்பது அவர் முடிபு. சொல் உண்மையாவது அதன் பொருளால் மட்டுமன்று. யாரிடம், எவ்வுறவில் நின்று அது கூறப்படுகின்றது என்பதாலுமாகும். 1945 ஏப்ரல் 9ஆந் திகதி அவர் பிளொசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

நாமும் விடுதிகளிற் கூடி வாழ்பவர்களே. ஒருவன் அறையை விட்டு வெளியேறிக் கதவு சாத்தப்பட்டதும் தொடங்கும் பேச்சினை அறியாதார் நம்முள் இலர். இக்கட்டுரையை எழுதும் யானும் அதற்கு விலக்கல்லன். அப்பேச்சிற் பங்குகொண்டு சிரித்தவன், தான் எழுந்து செல்லும் பொழுது மட்டும் ஏன் தயங்குகின்றான்? தன்னைப் பற்றியும் அவ்வாறே பேசப்படும் என்பதை அவன் அறிவான். நட்பென நாம் கருதுவது அவ்வேளையிற் பொருளிழந்துவிடுகின்றது.

ஆகவே, ஒரு சமூகத்தை அளக்கும் கோல், அது கூடியிருக்கும் பொழுது காட்டும் அன்பன்று. எழுந்து சென்றவனுக்கு அது அளிக்கும் பாதுகாப்பே ஆகும். பேசியதை அவனிடமே சென்று ஒப்புக்கொள்ளும் துணிவு ஒருவர்க்கேனும் வாய்க்குமாயின், அவ்விடத்திற் சமூகம் ஒன்று தொடங்கிவிட்டது எனத் துணிந்து கூறலாம்.