மாஸ்க்குக்குள்ளும் மூச்சு உங்களுடையது

பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்த ஒரு சொல்லைச் சொன்னாரே, அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் உங்கள் காதில் ஏறியிருக்காது. எந்த நிலை, எத்தனை கீமோ, எப்போது அட்மிஷன், எல்லாவற்றையும் கூட வந்தவர்தான் கேட்டுக்கொண்டார். நீங்கள் அந்த அறையிலேயே இல்லை. மகளின் கல்யாண மண்டபத்தில் நின்று, முன்வரிசையில் உங்கள் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்குக் கிளம்பிப் போன மனம் இன்னும் வீடு திரும்பவில்லை. காபி ஆறிப்போகிறது, நீங்கள் அடுத்த வருடத்தில் இருக்கிறீர்கள். பேரன் மடியில் ஏறி உட்கார்ந்து, ஒரு யானை டவுன் பஸ்ஸில் ஏறிய கதையைச் சொல்கிறான். நீங்கள் "எந்தப் பாவத்துக்கு எனக்கு இது" என்று முப்பது வருடத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நிமிர்ந்து உட்காருங்கள். நோய் பிடித்திருப்பது ஒரு மார்பை, ஒரு நாக்கை, குடலில் ஒரு சாண் நீளத்தை. காலைக் காபி மீது அதற்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. பேரனின் யானை மீது கிடையாது. அதையெல்லாம் நாமே தூக்கி அதன் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போதும்! கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள்!

புத்தர் சொன்ன இரண்டு அம்புகளின் உவமையை நினைத்துப் பாருங்கள். உடம்பில் தைத்த வலி முதல் அம்பு. அந்த வலியை நினைத்து நினைத்து மனம் படும் பாடு இரண்டாவது அம்பு. முதல் அம்பைப் பிடுங்க சர்ஜன் இருக்கிறார், கீமோ இருக்கிறது, ரேடியேஷன் இருக்கிறது. இரண்டாவதைப் பிடுங்க எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் கருவி இல்லை. உங்கள் கைதான் நீள வேண்டும். அது தைத்ததற்காக உங்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. பயப்படாத மனிதர் எங்கே இருக்கிறார்? ஆனால் தைத்தபடியே விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை.

அதற்குப் பயிற்சி இருக்கிறது. மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள், முழுக்கவனம் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-ஜின், 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதைத் தொடங்கினார். டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியும் வலி தீராதவர்கள் அவரிடம் வந்தார்கள். 8 வாரம் பயிற்சி. வேர் பௌத்த தியானம்தான். ஆனால் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை, யாரும் செய்யலாம். மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது. கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பை இடம் இடமாக மனத்தால் தொட்டுப் பார்ப்பது. மனம் ஓடிப்போனால் திட்டாமல் கூட்டிவருவது. நூறு முறை ஓடினால் நூறு முறையும்.

கனடாவின் கால்கரி நகரில் இதைப் புற்றுநோயாளிகளுக்கென்றே சோதித்தார்கள். மைக்கேல் ஸ்பெக்கா, லிண்டா கார்ல்சன் குழுவினரின் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. 90 பேர், ஒரே வகை நோய் இல்லை, ஒரே நிலையும் இல்லை. வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாக 7 வாரம், அதோடு வீட்டிலும் பயிற்சி. செய்து முடித்தவர்களின் மனக்கலக்கம் 65 சதவீதம் குறைந்திருந்தது. 2023-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகும்.

ஒன்றை உரக்கச் சொல்லிவிடுகிறேன். மூச்சைக் கவனித்தால் கட்டி கரையாது. கரையும் என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கீமோவைக்கூட இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

"பாசிட்டிவா இருங்க" என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதுவும் இது இல்லை. அழுகை வந்தால் அழுங்கள். சிரித்த முகம் காட்ட வேண்டிய கடன் உங்களுக்கு யாரிடமும் இல்லை. இருப்பதை இருப்பதாகப் பார்க்கிற துணிச்சல்தான் இங்கே கேட்கப்படுகிறது.

அந்தத் துணிச்சல் எங்கே உதவும் என்று கேட்கிறீர்களா? வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த ஒருவரைக் கேளுங்கள். மாஸ்க்கைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள். மூக்கும் தாடையும் அப்படியே அச்சாகி இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் அதை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனத்த கதவு மூடும். மிஷின் சுற்றத் தொடங்கும். வாரம் 5 நாளாக 7 வாரம், மொத்தம் 35 சிட்டிங் என்பது பலருக்கும் எழுதித் தருகிற கணக்கு.

முதல் நாள் நெஞ்சு தடதடக்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. "கழற்றுங்கள்" என்று கத்த வேண்டும் போலிருக்கிறது. இப்போது நிஜத்தைத் தொடுங்கள். முதுகு மேசையில் பட்டிருக்கிறது, அது நிஜம். உள்ளங்கை சில்லிட்டிருக்கிறது, நிஜம். வலையின் துளைகள் வழியே காற்று மூக்குக்குள் போகிறது, வருகிறது, நிஜம். "மூச்சு முட்டிச் செத்துவிடுவேன்"? அது எண்ணம். "பயம் வந்திருக்கிறது" என்று மனத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தது நிற்கட்டும், நீங்கள் அடுத்த மூச்சை எண்ணுங்கள். ஒரு சிட்டிங்குக்கு எத்தனை மூச்சு ஆகிறது? எண்பதா, நூறா? எண்ணிவிட்டால், முடிவு தெரியாமல் நீண்டுகொண்டே போன அந்த அறைக்கு ஒரு எல்லை கிடைத்துவிடும். வெளியே கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தாங்க முடியாவிட்டால் எந்தக் கையை உயர்த்த வேண்டும் என்று டெக்னீஷியனிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை உங்கள் வசம் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் இறங்கும்.

மாஸ்க் செய்த நாளுக்கும் முதல் சிட்டிங்குக்கும் நடுவில் சில நாள் கிடைக்கும். அதை கூகுளில் தேடித் தேடிப் பயத்தை வளர்ப்பதில் தொலைக்காதீர்கள். தினமும் பத்து நிமிடம் பாயில் மல்லாந்து படுத்து மூச்சை எண்ணிப் பழகுங்கள். நீச்சல் தெரியாமல் ஆற்றில் இறங்குவார்களா?

அடுத்தது இரவு 3 மணி. கீமோ போட்ட அன்று வீடே தூங்கும், உங்கள் கண் மட்டும் மூடாது. வாந்தி வராமலும் அலர்ஜி ஆகாமலும் இருக்கக் கொடுக்கிற டெக்ஸா என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கலைக்கும். இது தெரியாமல் "என் மனசே விட்டுப்போச்சு" என்று எத்தனை பேர் தங்களையே நொந்துகொள்கிறார்கள்! விழித்திருப்பது மருந்தின் வேலை. நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை, தூங்கியே தீருவேன் என்று தலையணையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். இடது கால் பெருவிரலில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். முழங்கால் வரும் முன்பே மனம் ஸ்கேன் ரிசல்ட்டுக்கு ஓடியிருக்கும். பரவாயில்லை, திரும்பவும் பெருவிரல். பால்காரரின் பைக் சத்தம் கேட்கும்போது, அந்த இரவை முழுக்கப் பறிகொடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நுரையீரலில் நோய் இருந்தால் மூச்சைக் கவனிப்பதே திணறலைக் கூட்டலாம். அப்படியென்றால் மூச்சை விட்டுவிட்டு, ஒரு கையால் மறு கையைப் பிடித்து அந்தச் சூட்டைக் கவனியுங்கள். கீமோவில் விரல்கள் மரத்துப்போயிருந்தால் காது இருக்கிறது. கண்ணை மூடினால் பதற்றம் ஏறுகிறதா, திறந்தே வைத்திருங்கள். எதைச் செய்தும் நாள்கணக்கில் இருட்டாகவே இருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், உங்கள் டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். காய்ச்சலைச் சொல்ல வெட்கப்படுவோமா? மனதுக்கும் மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது.

ஓபி வாசலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் கணவருக்கும் மகனுக்கும் இதே பயிற்சி வேண்டும். அவர்கள் நெஞ்சிலும் அம்பு தைத்திருக்கிறது. அதை யாரும் விசாரிப்பதில்லை.

இன்றைக்கு எந்த சிட்டிங்? பன்னிரண்டாவதா? முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். தொண்டை வறண்டிருக்கும், பேச வராது, பேச வேண்டாம். பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த யானைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று அவன் சொல்லட்டும்.