ஓடம் வண்டியில் ஏறிய கதை

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லுவார்கள். வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. வண்டியில் ஏறிப் போன ஓடத்துக்கு வெட்கமாக இருந்ததா என்று பழமொழி சொல்லவில்லை. அந்த வெட்கத்தைப் பற்றி எனக்குச் சொன்னவன் என் தமக்கை மகன்.

அவன் இருப்பது அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரத்தில். வயது ஐம்பத்தொன்று. கல்லூரியில் படித்த காலத்தில் அப்பாவுக்குத் தெரியாமல் நண்பனுடைய புல்லட்டை ஓட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன். ஐம்பதாவது வயதில்தான் சொந்தமாக ஒரு ஹார்லி டேவிட்சன் வாங்கினான். வாங்கிய மறு வருஷமே முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தெற்கு டக்கோடா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏழாயிரம் பேர் வாழ்கிற ஊர். 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் சங்கத்தார் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் ஒன்பது பேர். அதுவே வளர்ந்து வளர்ந்து ஆண்டுதோறும் நடக்கிற பெரிய திருவிழாவாகிவிட்டது. எழுபத்தைந்தாவது விழா நடந்த 2015இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தைப்பூசத்தை நினைத்துக்கொண்டால் கூட்டம் கண்ணுக்குத் தெரியும். காவடிக்குப் பதில் மோட்டார் சைக்கிள். அரோகராவுக்குப் பதில் என்ஜின் சத்தம்.

மினியாபொலிசிலிருந்து அந்த ஊர் சுமார் 600 மைல். என் மருமான் போக ஆசைப்பட்டான். முதுகு ஒப்பவில்லை. ஆகவே காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மனைவியோடு புறப்பட்டான்.

ஏற்றுவது ஒன்றும் லேசான காரியமல்ல என்கிறான். முன்சக்கரத்தை ஒரு கவ்வியில் செருக வேண்டும். நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். தளர்த்திக் கட்டினால் வண்டி சாய்ந்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் முன்புற ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். சுமையில் பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ காரின் கொக்கியின் மேல் அழுந்த வேண்டுமாம். பாரம் பின்னால் போய்விட்டால் வேகத்தில் டிரெய்லர் மீன் வால் போல ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். பத்து மைல் போனதும் நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவன் சொல்லச் சொல்ல, வைக்கோல் பாரம் ஏற்றுகிற எங்கள் ஊர் வண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்தது எனக்கு நினைவு வந்தது.

ஸ்டர்ஜிசுக்கு முன்னால் இருக்கும் ராப்பிட் சிட்டியில் ஒரு விடுதியில் தங்கி, அங்கே மோட்டார் சைக்கிளை இறக்கி, கடைசி இருபத்தெட்டு மைலை மட்டும் ஓட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில் வரிசையோடு வரிசையாக நிறுத்தினான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டார்.

"மினியாபொலிசிலிருந்து" என்றான்.

கிழவர் அவனைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தார். ஆகஸ்டு மாதத்தில் அந்தப் புல்வெளிச் சீமையில் 600 மைல் ஓட்டி வந்தவன் வண்டிக் கண்ணாடியில் பூச்சிகள் அடிபட்டு அப்பிக்கொண்டிருக்கும். இவனுடைய கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கிழவர் சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"மாமா, நான் பொய் சொல்லலையே! மினியாபொலிசிலிருந்துதானே வந்தேன்? ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை" என்று தொலைபேசியில் கேட்டான்.

இப்படிப்பட்ட கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. நாற்பது வருஷமாக நடக்காததை நடந்ததாக எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் என் புத்தகத்தின் அட்டையில் 'நாவல்' என்று அச்சடித்திருக்கிறது. வாங்குகிறவர் தெரிந்துதான் வாங்குகிறார். அவன் விஷயம் அப்படியா? மளிகைக் கடையில் ஒருவர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் அது ஊர் விசாரிப்பு. ஸ்டர்ஜிஸ் கடைத்தெருவில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியவனிடம் கேட்டால், அதற்கு எவ்வளவு தூரம் ஓட்டினாய் என்று பொருள். கேட்டவருக்கும் அது தெரியும், பதில் சொன்னவனுக்கும் தெரியும். சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் கிழவர் மனத்தில் அவன் எழுப்ப நினைத்த சித்திரம் பொய். தூக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்காக, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனதே தப்பு என்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டாம். ஓட்டி வராதவன் வரவே வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. நேர்கோடாக, எதிர்க்காற்றில், கனரக லாரிகளுக்கு நடுவே நாள் முழுதும் போகிற பெருஞ்சாலைதான் மோட்டார் சைக்கிளின் பரீட்சை மண்டபமா? அந்த மலைகளில் நீடில்ஸ் சாலை என்று ஒன்று இருக்கிறது. கருங்கல் பாறையைக் குடைந்து ஒரு வண்டி மட்டும் நுழையும்படி வழி செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அயர்ன் மவுண்டன் சாலையில் மரப்பாலங்கள் சடைப்பின்னல் போலச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாலைகளில் என் மருமான் நாலு நாள், மணிக்கொருதரம் இறங்கி முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஓட்டினான். அதை ஓட்டமில்லை என்று யார் சொல்வது?

உழைத்து வந்தவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அது நியாயமான கர்வந்தான். ஆனால் அடுத்தவனை அளக்கும் கோலாக அது மாறுகிற இடத்தில் எனக்குக் கசக்கிறது. அமெரிக்கக் கண்டத்தை மோட்டார் வாகனத்தில் முதன்முதல் கடந்தவர் ஜார்ஜ் வைமன். 1903ஆம் ஆண்டு மே 16இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். அவருடைய வண்டி சைக்கிள் சட்டத்தில் ஒன்றேகால் குதிரை சக்தி என்ஜினைப் பொருத்தியது, அவ்வளவுதான். மேற்கே பல இடங்களில் சாலை என்பதே கிடையாது. ரயில் தண்டவாளத்தின் நடுவே கட்டைகளின் மேல் எலும்பு குலுங்கக் குலுங்க ஓட்டினார். நியூயார்க்குக்கு 150 மைல் இருக்கும்போது என்ஜின் கைவிட்டது. மிச்சத் தூரத்தைக் காலால் மிதித்தே ஜூலை 6இல் போய்ச் சேர்ந்தார். நம் சுத்தக்காரர்கள் அவரை என்ன செய்வார்கள்? கடைசி 150 மைலுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்களா, கூட்டுவார்களா? இருபத்து நாலு மணி நேரத்தில் ஆயிரம் மைல் ஓட்டியவர்களுக்கு இன்று சான்றிதழ் தருகிற சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குப் பெட்ரோல் போட்ட ரசீதுகளை நேரத்தோடு காட்ட வேண்டும். வைமனிடம் என்ன ரசீது இருந்திருக்கும்? என்ஜின் நின்றதை மறைக்காமல் தாமே சொன்னார், உலகம் அறிந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளும் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். சென்னையில் டாங்கிலிருந்து பெட்ரோலை வடித்து, வண்டிக்குச் சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் வடக்கே அனுப்பிவிட்டு, அங்கே இறக்கி லடாக்குக்கு ஓட்டிப் போகிறார்கள். பதினைந்து நாள் லீவில் ஏழெட்டு நாளைச் சாலையிலேயே செலவழித்தால் லடாக்கைப் பார்ப்பது எப்போது? திருவொற்றியூரில் பிறந்த புல்லட் ரயிலில் ஏறிப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பி வந்து 'சென்னை முதல் லடாக் வரை' என்று டாங்கில் எழுதிக்கொள்ளும்போதுதான் சற்று உறுத்துகிறது.

இதையெல்லாம் நான் மருமானிடம் சொல்லவில்லை. அவனுடைய தாத்தாவைப் பற்றி, அதாவது என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன்.

அவர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வருஷந்தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். எழுபத்திரண்டாவது வயதில் முழங்கால் மறுத்துவிட்டது. நான்தான் காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் சாலையோரமாகப் பாதயாத்திரைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கத்து ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். சண்முக நதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கி, குளித்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஆரம்பித்தார். நான் கூடவே போனேன். கால் கொப்பளத்துக்குத் துணி சுற்றியிருந்த ஒரு பையன் அவர் தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, எந்த ஊரு? எப்பப் பொறப்பட்டீக?" என்று மரியாதையோடு கேட்டான்.

அவர் ஊரை மட்டும் சொல்லியிருக்கலாம். அவரை அன்று யாரும் கண்ணாடி பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

"இன்னிக்குக் காலையிலதான் தம்பி. கார்ல வந்தேன். ஆத்துக்கிட்ட எறங்கினேன்" என்றார்.

"அதுனால என்ன, வாங்க" என்று அந்தப் பையன் அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டான். அடிவாரம் வரையில் அவனே சுமந்து வந்தான்.

தொலைபேசியில் என் மருமான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த ஆகஸ்டிலும் போகப் போகிறேன் என்றான். டிரெய்லரோடுதான். ஆனால் ராப்பிட் சிட்டி வரை போகாமல், வால் என்னும் ஊரிலேயே வண்டியை இறக்கிவிடுவானாம். 1930களில் வழிப்போக்கர்களுக்கு இலவசமாக ஐஸ் தண்ணீர் தருவதாகச் சாலையெங்கும் பலகை நட்டே பெயர் வாங்கிய மருந்துக்கடை இருக்கிற ஊர் அது. அங்கிருந்து ஸ்டர்ஜிஸ் எண்பது மைல்.

"அது என்னடா கணக்கு?" என்றேன்.

"டாக்டர் சொன்ன ரெண்டு மணி நேரம் மாமா" என்றான். "பின்னாலே காலி டிரெய்லரோட அவ வருவா."