தீங்கின்மைக்கு அளவை யாது?

2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளின் பிற்பகலில், கொழும்பை அடுத்துள்ள மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. 32 உயிர்கள் பலியாயின. அம்மேடு ஓரிரவில் எழுந்ததன்று. புளூமெண்டலிலிருந்த பழைய குப்பைமேடு 2009இல் உயர் நீதிமன்றத்தின் கட்டளைப்படி மூடப்பட, மாநகரத்தின் கழிவு மீதொட்டமுல்லவை நோக்கித் திரும்பிற்று. குறுகிய காலத்துக்கான ஏற்பாடு என்றே அது கொள்ளப்பட்டது; ஆயின் எட்டாண்டுகள் நீடித்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அயலார் பல தடவை வீதிக்கு இறங்கினர். துர்நாற்றம், இலையான், நுளம்பு, தோல்நோய், பிள்ளைகளின் ஓயாத இருமல், மழை நாளில் வீட்டுக்குள் புகும் கரிய நீர் என அவர்கள் முறையிட்டவை பல. மேடு ஒருநாள் சரியும் என்றும் அஞ்சினர்.

அவர்கள் அஞ்சியவற்றுள் இறுதியாகக் குறிப்பிட்டது மட்டும் எவரும் மறுக்கவியலாதவாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஏனையவற்றுக்கு அத்தகைய சான்று எழவில்லை, எழுவதும் எளிதன்று. மலை சரிந்தால் உலகம் காணும். ஒரு குழந்தையின் மூச்சிரைப்புக்குக் காரணம் குப்பையா, அடுப்புப் புகையா, பரம்பரையா என்பதை எந்தக் கண்ணும் காண்பதில்லை. கழிவைக் கையாளும் நிலையங்களின் அருகே வாழும் மக்கள் தம் உடல்நலம் குறித்துக் கொள்ளும் அச்சத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா இவ்விடத்தே தொடங்குகிறது. அது மருத்துவ வினா மட்டுமன்று. அறிவு பற்றியதும் அறம் பற்றியதுமான வினாவாகும்.

மீதொட்டமுல்ல அனர்த்தத்தின் பின்னர் கொழும்பின் குப்பைக்கு வேறிடம் தேடும் முயற்சி விரைவுபெற்றது. ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு அப்பால், புத்தளம் மாவட்டத்தில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளைக் கொண்ட அருவக்காட்டில் அமைந்த நிலையத்துக்கு 2019இல் குப்பை செல்லத் தொடங்கிற்று. புத்தளத்து மக்கள் அதற்கு முன்னரே நீண்ட போராட்டம் நடத்தியிருந்தனர். சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியை அம்மாவட்டம் பல காலமாக அறியும். 2011 முதல் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் புகையையும் சாம்பலையும் அறியும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலாருக்கு இடமளித்ததும் அதுவே. இத்தனை சுமைகளையும் ஏற்ற மண்ணின் மீது தலைநகரின் எச்சிலும் வந்து விழவேண்டுமா என்று அம்மக்கள் வினவியபோது, அவ்வினாவில் உடல்நல அச்சமும் மான உணர்வும் பிரிக்கவியலாது கலந்திருந்தன.

நேர்மை கருதி ஒன்றைக் கூறவேண்டும். மீதொட்டமுல்ல வெறும் கொட்டுமிடம். அருவக்காடு பொறியியல் முறைப்படி அமைக்கப்பட்டது. அத்தகைய நிலையத்தில் அடித்தளத்தில் நீர் புகாத விரிப்பு இடப்படும். குப்பையிலிருந்து கசியும் நீர் குழாய்களால் சேகரிக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படும். அழுகலில் எழும் மெதேன் வாயுவை வெளியேற்றவும் வழி செய்யப்படும். 2021இல் கெரவலப்பிட்டியில் இயங்கத் தொடங்கிய, குப்பையை எரித்து மின் பிறப்பிக்கும் நிலையமும் இவ்வாறே திறந்த வெளியில் குப்பையைக் கொளுத்துவதினின்றும் பெரிதும் வேறுபட்டது. போதிய வெப்பத்தில், அதாவது 850 பாகை செல்சியசுக்கு மேல், போதிய நேரம் எரித்தால் டயொக்சின் போன்ற நச்சுகள் சிதையும். வெப்பம் குறைந்தால் அவை பெருகும். எனவே இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுதல் தவறே. ஆயின் விரிப்புக் கிழியாது, குழாய் அடைபடாது, உலையின் வெப்பம் தாழாது என்பன பொறியியல் உண்மைகள் அல்ல, நிருவாகத்தின் வாக்குறுதிகள். குறுகிய கால ஏற்பாடொன்று எட்டாண்டு நீண்டதைக் கண்ட மக்களிடம் அவ்வாக்குறுதிகள் எடுபடாமை வியப்பன்று.

இத்தகைய அச்சங்களுக்கு அதிகாரபூர்வமாக அளிக்கப்படும் மறுமொழி, எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வடிவினதாகும்: இந்நிலையத்தால் உடல்நலக்கேடு விளைவதாக நிரூபிக்கப்படவில்லை. இக்கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்போர் மனத்தில் அது வேறொரு கூற்றாக உருமாறிவிடுகிறது: இந்நிலையத்தால் கேடு இல்லை. முதலாவது அறியாமையைத் தெரிவிப்பது. இரண்டாவது அறிவைத் தெரிவிப்பது. அறியாமை எவ்வழியால் அறிவாயிற்று?

இவ்வினாவைத் தமிழ்த் தருக்க மரபு அறியாததன்று. அளவைகளை எண்ணுமிடத்து மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அபாவத்தையும் ஒன்றாக எண்ணும். காணப்படாமையால் ஒரு பொருளின் இன்மையை அறிதலே அபாவம். நிலத்தில் குடம் காணப்படவில்லை. ஆதலின் அங்குக் குடமில்லை. இந்தியத் தருக்க நூலார் இதற்கு ஒரு வரம்பு விதித்தனர். பொருள் அங்கு இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையிலேயே காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சத்தில் குடத்தைக் காணாமை குடமின்மையைக் காட்டும். இருட்டில் காணாமை எதனையும் காட்டாது. இயல்பிலேயே கண்ணுக்குப் புலனாகாததெனக் கூறப்படும் பேயைக் காணாமை, பேயில்லை என்பதற்கும் சான்றாகாது. பண்டைய வாதமண்டபத்தில் எழுந்த இந்நுணுக்கம், சுற்றாடல் அறிக்கைகளைப் படிப்போருக்கு இன்று மிகவும் பயன்படத்தக்கது.

கழிவு நிலையத்தின் அயலில் நோயைத் தேடும் ஆய்வு வெளிச்சத்தில் நிகழ்கிறதா, இருட்டில் நிகழ்கிறதா? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்யலாம். ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கும் ஊரொன்றில் வழமையாக இருவர் பிறவிக் குறையுடன் பிறப்பதாகக் கொள்வோம். நிலையத்தின் நச்சு அந்த ஆபத்தை மூன்றிலொரு பங்கால் உயர்த்துகிறது எனின், மூன்று ஆண்டுகளில் ஆறு என்பது எட்டாகும். ஆறும் எட்டும் தற்செயலாகவே மாறி மாறி வரும் எண்கள். புள்ளிவிபரவியலாளர் எவரும் இவ்விரண்டு குழந்தைகளைக் கொண்டு முடிவு கூறார், கூறலும் ஆகாது. ஆகவே அறிக்கை, குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று எழுதும். அது பொய்யன்று. ஆயினும் இரு தாய்மாரின் துயரம் அவ்வாக்கியத்தினுள் புதைந்து கிடக்கும்.

மூன்றிலொரு பங்கு என்பது மனம்போனபடி கொண்ட அளவன்று. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் ஆபத்தான கழிவு புதைக்கப்பட்ட 21 இடங்களை ஒன்றுசேர்த்து நோக்கி 1998இல் வெளியான ஆய்வு, 3 கிலோமீற்றருக்குள் வாழ்ந்தோரிடையே பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு அந்த அளவில் மிகுந்திருந்ததாகக் கண்டது. பிரித்தானியாவில் 2001இல் வெளியான மிகப் பெரிய ஆய்வோ, கழிவு நிலப்புதைப்பிடங்களின் அயலில் மிகச் சிறிய மிகுதியையே கண்டது. அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் இத்தகைய இடமொன்றிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் வாழ்கின்றனர் என்பதும் அதனால் தெரியவந்தது. இரு ஆய்வாளரும் மிகுதிக்குக் கழிவே காரணம் என்று துணிந்து கூறவில்லை. வறியோர் வாழும் இடங்களிலேயே கழிவும் இடப்படுவதால், வறுமையின் விளைவையும் கழிவின் விளைவையும் பிரித்தறிதல் கடினம். இக்கடினம் இயற்கையால் விளைந்ததன்று என்பது கவனிக்கற்பாலது. வறியோரின் அயலைத் தெரிவுசெய்தவர் மனிதரே. அத்தெரிவே பின்னர் சான்றையும் மங்கச் செய்கிறது.

ஆய்வுகள் இவ்வாறு மங்கலாயிருக்க, மக்களின் மூக்கு மட்டும் ஐயமின்றி அறிகிறது. அழுகிய முட்டையின் மணமுடைய ஐதரசன் சல்பைட்டை, அது உடலைத் தாக்கும் செறிவினும் மிகமிகக் குறைந்த செறிவிலேயே மனிதன் முகர்ந்தறிவான். இதனைக் கொண்டு, நாற்றம் தொல்லையே அன்றித் தீங்கன்று எனச் சிலர் வாதிப்பர். உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு யாப்பு, நோயின்மையை மட்டும் ஆரோக்கியம் எனக் கொள்ளவில்லை. உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றின் நல்வாழ்வையும் அதனுள் அடக்கியது. சாளரத்தைத் திறக்க முடியாத வீடு, உண்ணும்போது எழும் குமட்டல், உறவினர் வரத் தயங்கும் முற்றம், பள்ளியில் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசும் பிள்ளை ஆகியன எந்த இரத்தப் பரிசோதனையிலும் வெளிப்படா. அவற்றைத் தொல்லை என்று ஒதுக்குவோர், ஒரு கிழமையேனும் அங்குத் துயின்று பார்த்தபின் அச்சொல்லைப் பயன்படுத்துவராயின் நன்று.

அயலாரின் வாய்மொழி ஏன் இத்துணை மலிவாக மதிக்கப்படுகிறது? பேசுவோர் யார் என்பதைக் கொண்டு பேச்சின் நம்பகத்தைக் குறைத்தலை அறிவுசார் அநீதி என மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அதற்கு நியூயோர்க் மாநிலத்தின் லவ் கனால் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 20,000 தொன் இரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட அந்நிலம் 1953இல் ஒரு டொலருக்குக் கல்விச் சபைக்கு விற்கப்பட்டது. அதன் மீது பள்ளியும் அருகே வீடுகளும் எழுந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசியும் அயற்பெண்களும் வீடு வீடாகச் சென்று நோய்களை வரைபடத்தில் குறித்தனர். பழைய நீரோடைத் தடங்களை ஒட்டி நோய்கள் செறிந்திருப்பதாக அவர்கள் காட்டியபோது, இல்லத்தரசியரின் கணக்கு என அது ஏளனம் செய்யப்பட்டது. எனினும் 1978இலும் 1980இலும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கும் நோய்க்கும் நச்சுக்குமுள்ள தொடர்பு பற்றிய விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆயின் எங்கே தேடவேண்டும் என்பதை அப்பெண்களே காட்டினர்.

யாழ்ப்பாணத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. சுன்னாகத்து மின்னிலையத்தின் அயலில் கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதை முதலில் அறிந்தவர் விஞ்ஞானியர் அல்லர். துலாவிலும் வாளியிலும் நீர் அள்ளியவர்களே. ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்ற காலமெல்லாம் அம்மக்கள் வெளியிலிருந்து வந்த நீரைப் பருகினர். 2019இல் உயர் நீதிமன்றம் மாசாக்கியவரே இழப்பீடு செலுத்தவேண்டும் என்னும் கொள்கைப்படி இரண்டு கோடி ரூபா வழங்குமாறு பணித்தது.

ஐயமான நிலையில் இருவகைப் பிழைகள் நேரலாம். தீங்கற்ற நிலையத்தை மூடிவிடுதல் ஒன்று. தீங்குள்ள நிலையத்தை நடத்துதல் மற்றொன்று. முதலாவதன் இழப்பு பணமாக, பலர் மீது பரவி விழும். இரண்டாவதன் இழப்பு உடலாக, சிலர் மீது குவிந்து விழும். சான்று வரும்வரை காத்திருப்போம் என்பது நடுநிலை போல் தோன்றினும், காத்திருக்கும் காலமெங்கும் சுவாசிப்பவர் ஒரு சாராரே. பெந்தாமின் வழியில் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்தால், பல இலட்சம் நகரத்தாரின் தூய வீதி சில நூறு குடும்பங்களின் இருமலை எளிதில் விழுங்கிவிடும். ஜோன் ரோல்ஸ் 1971இல் முன்வைத்த அறியாமைத் திரை இக்கணக்கைக் குலைக்கிறது. தான் கறுவாத்தோட்டத்தில் பிறப்பானா, மீதொட்டமுல்லவில் பிறப்பானா என்றறியாத ஒருவன், நிரூபிக்கும் சுமையை அயலாரின் தோளில் ஏற்றும் விதிக்கு உடன்படமாட்டான்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. குப்பை எங்கேனும் சென்றே ஆகவேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் அச்சத்தைக் காட்டி மறுத்தால், அது மறுக்கும் வலிமையற்ற ஊருக்கே போய்ச் சேரும். புளூமெண்டலாரின் விடுதலை மீதொட்டமுல்லவாரின் சிறையாயிற்று. அதன் தொடர்ச்சியே புத்தளம். அன்றியும் அகற்றப்படாத குப்பையும் கொல்லும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேரளவில் டெங்குக்கு ஆளாயினர். நீர் தேங்கும் கழிவுப் பொருள்களே அந்நுளம்பின் தொட்டில். நிலையமே வேண்டா என்பது வழியாகாது. தவிர, அச்சம் கொண்ட அயலாரினும் குப்பைக்கு அருகில் நிற்போர் வேறு உளர். அதனை வெறுங்கையால் அள்ளும் மாநகரத் தொழிலாளர், தலைமுறை தலைமுறையாக, எந்த ஆர்ப்பாட்டத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் அரிதாகவே இடம்பெற்றனர். ஊரைக் காக்க எழும் குரல் இவர்களை மறப்பின் அக்குரலின் அறவலிமை குன்றும்.

ஆகவே வேண்டப்படுவது நிலையங்களின் மறுப்பன்று. இன்மையைக் கூறுவோர் முதலில் வெளிச்சத்தைக் கொணரவேண்டும் என்னும் நிபந்தனையாகும். முதற் குப்பை வண்டி வருமுன் அயலூர்களின் கிணற்று நீர், காற்று, மூச்சு நோய், பிறப்பு ஆகியவற்றின் நிலை பதிவாகியிருத்தல் வேண்டும். அப்பதிவின்றிப் பின்னர் எடுக்கும் எந்த அளவீடும் ஒப்பிட ஏதுமின்றி இருட்டில் நிற்கும். அளவீடுகள் அயலார் வாசிக்கும் மொழியில் அவர்கள் கையில் கிடைத்தல் வேண்டும். தொழிலாளரின் உடல்நிலையும் அவற்றுள் அடங்குதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று கூறுவோர், களுத்துறையில் 1926இல் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் இந்நாட்டில் வளர்ந்துள்ள ஏற்பாட்டை நினைவுகூர்தல் நன்று. ஒவ்வொரு பிரிவிலும் குடும்பநல மருத்துவிச்சி ஒருத்தி கர்ப்பிணிகளையும் பிறப்புகளையும் குழந்தைகளின் நிறையையும் வீடு வீடாகச் சென்று பதிவேட்டில் எழுதி வருகிறாள். அப்பதிவேடுகளைத் திறந்து, நிலையம் வருமுன்னுள்ள ஐந்தாண்டுக் கணக்கைத் தனியே பிரதிசெய்து வைப்பதற்கு வேண்டியவை ஓர் எழுதுநரும் சில கிழமைகளுமே.