காணாமை எப்போது இன்மைக்குச் சான்றாகும்?

ஒரு பொருள் இல்லை என்னும் அறிவு எந்த அளவையால், அதாவது எந்த அறிவுக்கருவியால், கிட்டுகிறது என்பது இந்தியத் தருக்க மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட வினா. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் காணாமையையே அனுபலப்தி என்ற தனி அளவையாகக் கொண்டனர். நியாயவாதிகள் அதனைக் காட்சிக்குத் துணையாக அடக்கினர். மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யும் அபாவத்தை, அதாவது இன்மையை, அளவைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. மீமாம்சகரும் நியாயவாதிகளும் ஒன்றில் உடன்பட்டனர்: தரையில் குடம் இல்லை என்பதற்கு அது காணப்படாமை மட்டும் போதாது, இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற தகுதியும் வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாமை எதையும் நிறுவாது. தகுதியுடைய காணாமையே யோக்கிய அனுபலப்தி எனப்பட்டது.

இந்த நுட்பத்தின் அருமை, தண்டர்பேர்ட் போன்ற கணினி மின்னஞ்சல் செயலிகளின் கோளாறுகளில் கண்கூடாகிறது. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2177 என்னும் நெறியாவணம் வகுத்த 'ஐடில்' முறையில், செயலி இணைப்பைத் திறந்து வைத்து, புதிய மடல் வந்ததும் சேவையகமே அறிவிக்கட்டும் என்று காத்திருக்கும். இடையிலுள்ள ரவுட்டர், நெடுநேரம் பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பை இரு முனைக்கும் சொல்லாமலே தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதுண்டு. அதன்பின் மடல்கள் சேவையகத்தில் குவிந்துகொண்டிருக்க, செயலியோ இணைப்பு நீடிப்பதாகவே கொண்டு வாளாவிருக்கும். மடல் வரவில்லை என்பதற்கும், வந்தாலும் தெரியும் நிலை இல்லை என்பதற்கும் திரையில் சிறிதும் வேறுபாடு இராது. செயலற்ற இணைப்பைச் சேவையகம் முறித்துவிடாதிருக்க, 29 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் ஐடிலை முடித்து மீண்டும் தொடங்குமாறு அவ்வாவணம் அறிவுறுத்துகிறது. அம்மறுதொடக்கம் காணாமையின் தகுதியைப் புதுப்பிப்பதாகவும் அமைகிறது. மடல்களின் அட்டவணைக் கோப்பு பழுதானாலும் இதே மயக்கம் நேரும்: வட்டில் உள்ள மடல் பட்டியலில் தோன்றாது.

10ஆம் நூற்றாண்டினரான உதயனர், நியாயகுசுமாஞ்சலியில் இத்தகுதியைக் கொண்டே, காணப்படாததால் இறைவன் இல்லை என்ற வாதத்தை மறுத்தார். புலனுக்கு எட்டும் இயல்பே இல்லாத ஒன்றைப் புலன் காணாமை, அதன் இன்மைக்குச் சான்றாகாது. மறுப்பு வலியதே; ஆயினும் அது இன்மைவாதத்தின் ஒரு வழியை அடைப்பதன்றி, இறைவன் உண்டு என்று நிறுவுவதில்லை. அதற்கு அவர் உலகம் ஒரு காரியம் என்பது முதலான வேறு ஏதுக்களைத் தனியே அடுக்குகிறார்.

சைவ சித்தாந்தம் குறையைக் காண்பானிடத்தில் வைக்கிறது. ஆன்மாவின் அறிவை ஆணவமலம் மறைத்திருப்பதால் இறைவன் விளங்கவில்லை, மலம் தேய்ந்தால் திருவருளால் விளங்குவான் என்பது அதன் கொள்கை. மின்னஞ்சல் கோளாற்றுக்கு இன்னும் நெருங்கியது இந்நிலையே. ஆனால் இங்கு ஒரு தடை எழுகிறது: செயலியை ஐயுறுபவர் உலாவி வழியே சேவையகத்தைத் தனியே பார்த்துத் தெளியலாம், மலம் தேய்ந்ததை இறைக்காட்சியைக் கொண்டன்றி எதனால் அறிவது? அவ்வாறு அறிய இயலாதெனில், எதனை வேண்டுமானாலும் மறைப்பின் பெயரால் உண்டென்று சாதிக்கலாம். சித்தாந்திகள் இருவினையொப்பை, அதாவது நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்கும் நிலையை, இறைக்காட்சிக்கு முன்னரே நிகழ்வதாக வைத்தது இத்தடைக்குத் தக்க விடையாகிறது. ஒருவன் பெற்றபோதும் இழந்தபோதும் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதைக் கடவுளை ஏற்காதவரும் பார்த்தறியலாம்.