நீங்கள் ‘ஏ’யா, ‘பி’யா?

ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு. பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. எதை அதிகம் பேர் க்ளிக் செய்கிறார்களோ அது ஜெயிக்கும். ‘ஏ/பி டெஸ்ட்’ என்பார்கள். கடைக்காரர் பொம்மையை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிற மாதிரிதான், தப்பில்லை.

2012 ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு படி மேலே போனது. 6,89,003 பேரில் சிலருக்கு ஒரு வாரம் சந்தோஷப் பதிவுகளைக் குறைத்தது. சிலருக்குச் சோகப் பதிவுகளை. சந்தோஷம் குறைந்தவர்கள் எழுதியதிலும் துளி சோகம் கூடியது. 2014-ல் ஆய்வுக் கட்டுரை வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. சேரும்போது சம்மதித்த விதிமுறையிலேயே இது அடக்கமாம். அதையெல்லாம் யார் ஸார் படிக்கிறார்கள்?

‘துளிதானே’ என்று விடலாமா? மாத்திரையைச் சோதிக்கக் கையெழுத்து வாங்குகிறோம். மனசுக்கு வேண்டாமா? பட்டன் நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றட்டும். என் மூடை மாற்றுவதென்றால் முதலில் என்னைக் கேட்கட்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?