அழித்தலும் அருளே



முதல்வன் உயிர்கள்பொருட்டு இயற்றும் தொழில்கள் ஐந்தென்பதும், அவ்வைந்தும் அருளே என்பதும் நம் சித்தாந்த நூல்கள் ஒருமுகமாக வலியுறுத்தும் உண்மைகளாம். படைத்தலையும் காத்தலையும் அருளென்னக் கேட்டு மகிழும் உலகம், அழித்தலை அங்ஙனங் கூறுங்கால் சிறிது திகைக்கின்றது. பிறந்தும் இறந்தும் உழலும் உயிர்களின் இளைப்பை ஒழித்தற்பொருட்டு நிகழ்வதே சங்காரம் என்று நம் ஆசாரியர் அதற்கு விடை பகர்ந்தனர். உடம்பு பூதங்களினின்று வந்தது. பயன் முடிந்தவழி அப்பூதங்களிலே ஒடுங்குதல் வேண்டும். இவ்வுண்மையை நூலளவில் நில்லாது கண்முன்னும் காட்டுவதொரு பறவை உண்டு. பண்டைத் தமிழர் அதனைப் பாறு என்றனர். இக்காலத்தார் பிணந்தின்னிக் கழுகென்று இகழ்வர். அதற்கு நேர்ந்த பெருங்கேட்டையும், அதனை மீட்டற்கு மலைநாடுகளில் நிகழும் முயற்சியையும், அம்முயற்சியில் நமக்குள்ள கடமையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இப்பறவையை இழிந்ததென்று நம் முன்னோர் கருதினாரல்லர். திருக்கழுக்குன்றம் தன் பெயரையே இதனாற் பெற்றது. முனிவர் யுகத்துக்கு இருவராகக் கழுகுருக் கொண்டு ஆண்டு இறைவனை வழிபட்டனர் என்பது தலவரலாறு. நண்பகல்தோறும் இரண்டு பறவைகள் மலைமீது வந்து, அமுதுண்டு, மீளுதலைத் தலைமுறை தலைமுறையாக அன்பர்கள் கண்டு வணங்கினர். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தன. சென்ற நூற்றாண்டின் இறுதியோடு அவ்வரவு நின்றுபோயிற்று. புள்ளிருக்குவேளூரிலோ, சடாயுவும் சம்பாதியும் பூசித்த பெருமான் வைத்தியநாதன் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியுள்ளான். மருத்துவனாகிய இறைவனைப் புள் வழிபட்ட தலம் அது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

இனிப் பாறின் இயல்பைக் காண்பாம். பருந்து முதலியன உயிருள்ளவற்றைப் பற்றிக் கிழிக்கும். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு முதலியவற்றின் காலும் நகமும் நடத்தற்கு ஏற்றனவேயன்றிப் பற்றிக் கொல்லுதற்கு ஏற்றனவல்ல. தாமே இறந்தவற்றையும் பிற விலங்கு கொன்று விட்டவற்றையுமே அவை உண்ணும். கூட்டமாக வந்திறங்கின், ஒரு மாட்டின் உடல் சிறிது பொழுதில் எலும்பளவாய் நின்றுவிடும். பல நோய்க்கிருமிகள் அவற்றின் வயிற்றிலுள்ள கடும் புளிப்புநீரில் அழிந்தொழியும். அழுகி நாறி ஊருக்கு நோய் விளைக்கற்பாலதனை, ஓருயிர்க்கும் ஊறு செய்யாது ஒடுக்குவது இப்பறவை. இதன் தொழிலிற் குற்றம் யாது?

இத்தகைய பறவை இந்நாட்டில் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலை எய்தியது. 1992-இல் வெண்முதுகுப் பாறு ஆயிரம் இருந்தனவென்று கொண்டால், 2007-இல் எஞ்சியது ஒன்றே என்னும் அளவில் அவ்வினம் குறைந்ததென ஆராய்ச்சியாளர் கணித்தனர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. பாகித்தானத்தில் இறந்துபட்ட பறவைகளை ஆராய்ந்த அறிஞர் 2004-இல் அதனை வெளியிட்டனர். டைக்ளோபினாக் என்பது வலியும் வீக்கமும் தணிக்கும் ஒரு மருந்து. நோயுற்ற மாட்டுக்கு அதனை ஊசியாற் செலுத்துவர். மாடு சின்னாளில் இறப்பின், மருந்து உடலில் தங்கும். அவ்வுடலை உண்ட பாறின் சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புக்களில் வெண்ணிற உப்புப் படிந்து, சில நாளில் அது மாளும். இறந்த மாடுகள் நூற்றுள் ஒன்றுக்குங் குறைவானவற்றில் நஞ்சிருப்பினும் இனமழிதற்கு அது போதும் என்று கணக்கிட்டுக் காட்டினர். ஓருடலைப் பல பறவைகள் கூடியுண்ணுதலும், ஒரு பேடை ஆண்டுக்கு ஒரே முட்டை இடுதலும் அதற்கு ஏதுக்களாம்.

அன்பர்களே! இதனை உற்றுநோக்குமின். மாட்டுக்கு மருந்திட்டவன் கொடியனல்லன். வாயில்லா உயிரின் நோவு பொறாதவன். மருந்தீந்தவனும் நன்மை கருதியே ஈந்தான். மருத்துவனாகிய இறைவனைப் பூசித்த புள்ளின் குலத்தை, மாந்தரின் மருந்தே மாய்த்தது. உயிர்க்கு அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் உண்டென்றும், ஆணவம் அம்மூன்றனையும் மறைத்து நிற்குமென்றும் நாம் கற்றுள்ளோம். ஈண்டு இச்சை நல்லது, செயலும் இரக்கத்தின்பாற்பட்டது. அறிவொன்றே மறைப்புண்டு கிடந்தது. அறிவின் துணையில்லாத இரக்கமும் கொலையாய் முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காட்டுதல் அரிது.

கேடு பறவையோடும் நின்றதன்று. பாறு ஒழிந்த ஊர்களில் பிணங்கள் வெளியிற் கிடந்து அழுகின, தெருநாய்கள் பெருகின, நீரும் மாசுற்றது. அவ்விழப்பால் 2000 முதல் 2005 வரையுள்ள ஐந்தாண்டில் இந்நாட்டில் ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் மிகுதியாக மாண்டனர் என்று 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது. சங்காரம் முறையாக நிகழாதவழிக் காத்தலும் நிகழாது என்பது இதனாற் பெறப்படும்.

தென்னாட்டில் இக்குலம் முற்றும் அழியாது எஞ்சியது மலைக்காட்டின் புண்ணியத்தால். நீலகிரியின் வடபால் மாயாறு பாயும் பள்ளத்தாக்கிலும் சீகூர் மேட்டுநிலத்திலும், ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடு கட்டுகின்றது. அங்கே புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் மானும் காட்டுமாடும் அதற்கு நஞ்சில்லா உணவாதல் அது பிழைத்தமைக்கு ஒரு காரணமென்பர். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளிலும் 2023-ஆம் ஆண்டிறுதியில் ஒருங்கே எண்ணியபொழுது, எல்லா இனமுஞ் சேர்ந்து 320 பாறுகளே காணப்பட்டன.

வடக்கே சிவபெருமானது சடை என்னும் பொருள்படப் பெயர் வழங்கும் சிவாலிக் மலையடிவாரத்தில், அரியானாவைச் சேர்ந்த பிஞ்சோர் என்னும் ஊரில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் அம்மாநில வனத்துறையினரும் 2004 முதல் இவற்றைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகின்றனர். 2020-இல் வெண்முதுகுப் பாறுகள் 8 அங்கிருந்து வானில் விடப்பெற்றன. நேபாளத்துப் பிதௌலியில் ஊரார் மற்றொரு வழி கண்டனர். உழைத்தோய்ந்த மாடுகளை விலைகொடுத்து வாங்கி, இறக்குமளவும் பேணி, நஞ்சின்மை தெளிந்து, இறந்தபின் அவ்வுடலைப் பாறுகளுக்கு இடுகின்றனர். பசுவைக் காத்தலும் புள்ளைக் காத்தலும் அங்கே ஓரறமாயின.

ஆயினும் கூண்டில் வளர்த்து விடுத்தல் ஒன்றே மீட்சியாகாது. மலம் நீங்காதவழி, ஓருடம்பை விட்ட உயிர் மீளவும் பிறவியிற் புகுதல்போல, நஞ்சு நீங்காத நிலத்தில் விடுத்த பறவை மீளவும் சாவையே எய்தும். நஞ்சொழிப்பே முதற்கண் வேண்டற்பாலது. இந்திய அரசு 2006-இல் மாடுகளுக்கு டைக்ளோபினாக் வழங்குதலை விலக்கியது. மாந்தர்க்குரிய பெரிய குப்பிகளைக் கொண்டு மாட்டுக்கு ஊசியிடும் வழக்கம் நில்லாமையால், 2015-இல் அக்குப்பிகளையும் விலக்கியது. 2023-இல் கீட்டோபுரோபேன், அசிக்ளோபினாக் என்னும் இரண்டனையும் கால்நடைக்கு ஆகாவெனத் தடுத்தது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மருந்து உண்மையின், மாட்டின் நோவைத் தணிக்க வழியில்லையென்று கூறுதற்கும் இடமில்லை.

ஈண்டுச் சிலர், ‘புலாலை மறுத்த சைவர் புலாலுண்ணும் பறவைக்குப் பரிதல் பொருந்துமோ?’ என்பர். புலாலை நாம் மறுத்தது கொலைக்கு அஞ்சியன்றோ? பாறு கொல்லாது உண்பது. அதன் உடம்பும் உணவும் அவ்வுயிரின் வினைக்கீடாக இறைவன் கூட்டியவை. அவற்றை இகழ்தல் கூட்டினவனை இகழ்தலாம். வேறு சிலர், ‘அவை மாண்டது அவற்றின் வினையாலாயின், நாம் செய்யத்தக்கது யாது?’ என்பர். துன்பம் நுகர்வார்க்கு அது பிராரத்தமாகலாம். அத்துன்பத்தை விளைத்தார்க்கோ அது ஆகாமியமாய் ஏறும். உண்மை விளங்காத முன்னாளிற் செய்ததற்கும், விளங்கிய இந்நாளிற் செய்வதற்கும் வேற்றுமை பெரிது. அறிந்தபின் செய்யும் தீங்கிற்கு அறியாமை போர்வையாகாது.

ஆதலின், மாடு வளர்ப்போரும், திருக்கோயிற் பசுமடங்களை நடத்துவோரும், மடங்களின் ஆதீனத்தாரும் ஒன்று செய்க. நோயுற்ற பசுவுக்கு ஊசியிட வரும் மருத்துவரை, ‘இஃது யாது மருந்து?’ என்று கேட்டறிக. விலக்கிய மருந்தாயின் மறுத்து, தீங்கற்றதனையே வேண்டுக. அத்தகைய மருந்து செலுத்தப்பெற்று மாடு இறந்திருப்பின், உடலை ஆழப் புதைத்திடுக. மாட்டைப் புலியோ சிறுத்தையோ கொன்றுழி, சினத்தால் அவ்வுடலில் நஞ்சு தடவும் கொடுவழக்கத்தை மலையடிவாரத்து ஊர்களில் உள்ளோர் அறவே ஒழிக்க. அந்நஞ்சு முதற்கண் தாக்குவது பாறையே. செலவும் முயற்சியும் இவற்றிற்குச் சிறிதே. விளையும் பயனோ ஒரு குலத்தின் வாழ்வு.

திருக்கழுக்குன்றத்து உச்சியில் வழிபாட்டுக்கு வந்த பறவை இன்றில்லை. அது மீண்டு வருதலும் வாராமையும் திருவருளின்பாற்பட்டன. வருமாயின் அது உண்ணும் உணவில் நம் கையால் இட்ட நஞ்சு இல்லாதிருத்தல் நம்பாற்பட்டது. நஞ்சைத் தானுண்டு தேவரை வாழ்வித்த பெருமானுக்கு அடியவராகிய நாம், பிறவுயிர் உண்ணும் உணவில் நஞ்சைக் கலவாதிருத்தலையேனும் கடைப்பிடிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.