பிறர் துயரைப் பாடுதல்: ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தாம் அனுபவியாத துயரைத் தமது குரலிற் பாடுவது முறையாகுமா? மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வினா அழகியல் சார்ந்ததாகத் தோன்றினும், அடிப்படையில் அறவியல் சார்ந்ததேயாகும். இதனைப் பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க, ஓர் எடுத்துக்காட்டினைக் கொண்டு ஆராய்வதே பயன்தரும். ஆங்கிலேய றொக் இசைப் பாடகரான எரிக் கிளப்ரன், அறுபது வயதை அணுகிக்கொண்டிருந்த வேளையில், 2004 ஆம் ஆண்டு ‘மீ அன்ட் மிஸ்ரர் ஜோன்சன்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். ‘நானும் திரு. ஜோன்சனும்’ என்பது அதன் பொருள். அதிலுள்ள 14 பாடல்களும் றொபேட் ஜோன்சன் என்னும் கறுப்பின புளூஸ் இசைக் கலைஞர் பாடியவை.

ஜோன்சன் 1911 இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது அரை நூற்றாண்டுகூடக் கழிந்திருக்கவில்லை. பருத்தி விளையும் நிலம் பெரும்பாலும் வெள்ளையருடையதாக இருந்தது; அதில் உழைத்தோர் கறுப்பினத்தவர். விளைச்சலிற் பங்கு பெறும் ஒப்பந்தத்திற் பயிரிட்ட குடும்பங்களுட் பல, ஆண்டிறுதிக் கணக்கில் மீண்டும் கடனாளிகளாகவே நின்றன. இச்சமுதாயப் பின்னணியிலே தோன்றியதுதான் புளூஸ். முதலடியை மீண்டும் ஒருமுறை பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறும் எளிய அமைப்பு அதற்குப் பெரிதும் உரியது. ஜோன்சன் 1936 இலும் 1937 இலும் ரெக்சாஸ் மாநிலத்தில் 29 பாடல்களைப் பதிவுசெய்து, 1938 இல் தமது 27 ஆவது வயதில் மறைந்தார். 1961 இல் அவற்றுட் சில நெடுந்தட்டாக வெளிவந்தபோதே இங்கிலாந்தின் இளைஞர் பலர் அவர் குரலைக் கேட்டனர். 1966 இல் ஓர் இசைத்தட்டிற் கிளப்ரன் முதன்முறையாகத் தனித்துப் பாடியதும் ஜோன்சனின் பாடலொன்றையே.

துன்பத்தை அனுபவித்தவருக்கே அதனைப் பாடும் உரிமை உண்டு என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் நேர்மையான ஒரு சினம் இருப்பினும், அதனை முற்றாக ஏற்பதற்கில்லை. அவ்வாறாயின் நாடகமே இல்லை, காப்பியமும் இல்லை. அழுகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பிய மரபினர்க்கு, கலையில் வெளிப்படும் அழுகை கலைஞனின் சொந்த இழப்பாக இருக்கவேண்டியதில்லை என்பது புதிய செய்தியன்று. ஜோன்சன்கூடத் தமக்கு முன்னோர் பலரிடமும் இசைத்தட்டுகளிலுமிருந்து கற்றவரே. அவரது பாடல்கள் வெறும் புலம்பலல்ல, பயின்று செய்த கலை. மேலும், துயருற்றவனே துயரைப் பாடலாம் என்போமாயின், துயருற்றவன் துயரை மட்டுமே பாடவேண்டும் என்ற சிறைக்குள் அவனை நாமே அடைத்தவர்களாவோம்.

இதற்கு மறுதலையாக, இசை எல்லார்க்கும் பொது, அதில் உரிமை பேசுவது குறுகிய நோக்கு என்போரும் உளர். கேட்பதற்கு இனிய இக்கூற்று, கணக்கேட்டைத் திறந்ததும் தடுமாறுகின்றது. பொதுச்சொத்து என்ற பெயரால் ஊதியம் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்பதே கேள்வி. லெட் செப்பெலின் குழுவினர் 1969 இற் பாடிப் புகழ்பெற்ற பாடலொன்றில் தமது வரிகள் உள்ளன என வில்லி டிக்சன் 1985 இல் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 1987 இல் அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. மறுபுறம், ஸ்கிப் ஜேம்ஸ் 1931 இற் பதிவுசெய்த பாடலொன்றைக் கிளப்ரன் இடம்பெற்றிருந்த கிறீம் குழுவினர் 1966 இல் அவர் பெயரைக் குறிப்பிட்டே பாடினர். அதனாற் கிடைத்த உரிமைப்பணம் நோயுற்றிருந்த அம்முதியவருக்கு உதவிற்று. ஜோன்சனின் பாடல்கள் அடங்கிய 1990 ஆம் ஆண்டுத் தொகுப்போ பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. எனினும், சரளைக்கல் லொறிச் சாரதியாக உழைத்த அவரது மகன் சட்டபூர்வ வாரிசு என்பதை மிசிசிப்பி உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்தியது. எனவே, பிறர் துயரைப் பாடுபவன் ஒரு கடனையும் ஏற்கின்றான். பெயரைச் சொல்லுதலும் பங்கைக் கொடுத்தலும் அக்கடனின் முதற் படிகள்.

அவற்றோடு கடன் தீர்ந்துவிடுமா? 1974 இல் யமேய்க்காவின் பொப் மாலி இயற்றிய பாடலொன்றைப் பாடிக் கிளப்ரன் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தார். 1976 ஓகஸ்ற் மாதம் பேமிங்ஹாம் நகர மேடையில் நின்று, குடியேறிய வெளிநாட்டவர் இங்கிலாந்தை விட்டு வெளியேற வேண்டும் என்றும், குடிவரவை எதிர்த்த அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரிக்க வேண்டும் என்றும் பேசியவரும் அவரே. அப்பேச்சுக்கு எதிர்ப்பாகவே ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ என்னும் இயக்கம் தோன்றிற்று. பிற்காலத்தில் அச்சொற்களுக்காகத் தாம் வெட்கப்படுவதாக அவர் கூறினார். ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தின் இசையை உயிரினும் மேலாக நேசிப்பவன் அம்மக்களின் நிறத்தவரை அயலவராக வேண்டாதிருக்கவும் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. கலை மனிதனை இயல்பாகவே பண்படுத்தும் என்ற நமது நம்பிக்கை இங்கே ஆட்டங்காணுகின்றது.

இப்பின்னணியிலேதான் அவ்விசைத்தட்டின் தலைப்பிலுள்ள ‘மிஸ்ரர்’ என்னும் சொல் கனம் பெறுகின்றது. ஜோன்சன் வாழ்ந்த தென்மாநிலங்களில் வெள்ளையர் கறுப்பின ஆடவரை அவ்வாறு மதித்து அழைப்பதில்லை. முதியவரையும் ‘பையன்’ என்றே விளிப்பது வழக்கம். வாழ்நாளில் மறுக்கப்பட்ட ஓர் அடைமொழியை, மறைந்து 66 ஆண்டுகளின் பின் ஒரு மாணவன் தன் ஆசானுக்கு அளிக்கின்றான். அது நேரிய செயலே. ஆனால் இறந்தவரை மதித்தல் எளிது. அவர் நம்மிடம் இடமோ கூலியோ கேட்பதில்லை. அவரது துயரையொத்த துயருடன் இன்று அயல்வீட்டுக்கு வந்து நிற்பவனை அதே அடைமொழியால் அழைப்பதே கடினம்.

ஆகவே, பிறர் துயரைப் பாடும் உரிமை பிறப்பினால் வருவதுமன்று, திறமையினால் மட்டும் வருவதுமன்று. பாடலைப் பெற்றுக்கொண்டவன் பாடிய மக்களையும் ஏற்றுக்கொள்ளும்போதே அவ்வுரிமை நிறைவு பெறுகின்றது. இந்நிபந்தனை பாடகனுக்கு மட்டுமன்றிக் கேட்டு உருகும் நமக்கும் உரியது. ஒரு பாடல் நம்மைக் கண்கலங்கச் செய்ததென்பது நம் அறத்துக்குச் சான்றாகாது. அதனைப் பாடிய மக்களுக்கு அதன்பின் நாம் என் செய்தோம் என்பதே சான்று.